விமானம் ஓட்டப் படிக்கப் போன குமரிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மக்களே,

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது, திருவனந்தபுரத்துக்கோ தூத்துக்குடிக்கோ போய்த்தான் ஏறணும். அப்படிப்பட்ட ஊரில் இருந்து கிளம்பி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நீங்கள் விமானம் ஓட்டப் படிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். தக்கலைப் பக்கம் பிறந்து அதே வழியில் முன்னால் போனவன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும், பண்ணை வைத்திருக்கிற யாராவது ஒரு நண்பரின் புல் ஸ்ட்ரிப்பில், அதாவது புல்தரை ஓடுபாதையில், இறங்கி டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஆசை வரும். பெரும்பாலும் இறங்கிவிடலாம். கிளம்பும்போதுதான் மண் விடாது. கும்பப்பூ நெல்லுக்குத் தொளி அடித்துச் சேறான வயலில் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

எனக்கு அப்படி ஒரு காலை வாய்த்தது. ராத்திரி நல்ல மழை, விடிந்ததும் வெயில், புல் மேலே காய்ந்து பளிச்சென்று இருந்தது. முழு பவர் கொடுத்தும் பாதி ஸ்ட்ரிப் தாண்டி வேகம் காட்டும் முள் 35 நாட்ஸிலேயே (விமான வேக அளவு) நின்றது, 55 வந்தால்தான் எழும்பும், எதிரே வேலி, அதற்குப் பின்னால் மரங்கள். பவரை முழுதாகக் குறைத்துவிட்டு நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் சக்கர உறைக்குள் சேறும் புல்லும் சேர்ந்து கட்டியாக இறுகிக் கிடந்தது, விரலால் வரவில்லை, சாவியால் குத்திக் குத்தித்தான் எடுத்தேன்.

கணக்கையும் பாருங்கள். பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டலில், கிளம்பத் தேவையான தூரத்தை ஈரப் புல்லுக்கு 1.3, மெத்து மண்ணுக்கு 1.25 அல்லது அதற்கு மேல், பாதுகாப்புக்கு 1.33 என்று ஒன்றோடொன்று பெருக்கச் சொல்கிறார்கள். காய்ந்த தார் ரன்வேயில் 400 மீட்டர் போதும் என்று கையேடு சொன்னால், இங்கே கிட்டத்தட்ட 865 மீட்டர். எடை 10 சதவீதம் கூடினால் தூரம் இன்னும் 20 சதவீதம் நீளும், அதனால் நண்பனையும் அவன் பையையும் ஏற்றுவதற்கு முன்னால் யோசியுங்கள்.

இன்னொன்று, இதில்தான் உயிர் போகிறது. சக்கரத்தை மண்ணில் இருந்து சீக்கிரம் பிரிக்கத்தான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள், சரி. ஆனால் இறக்கை நீளத்துக்கும் குறைவான உயரத்தில் தரை ஒத்தாசை செய்வதால்தான் அந்தக் குறைந்த வேகத்தில் வண்டி மிதக்கிறது. மரத்தைக் கண்டு பயந்து மூக்கைத் தூக்கினால் அந்த ஒத்தாசை போய்விடும், வண்டி ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் பலம் இழந்து, விழும். தாழ்வாகவே ஓடவிட்டு வேகம் ஏறிய பிறகு ஏறுங்கள்.

கிளம்புமுன் ஸ்ட்ரிப்பை ஒரு முனையில் இருந்து மறு முனைவரை நடந்து பாருங்கள், குதிகாலை அழுத்தி மிதியுங்கள். ஸ்ட்ரிப்பின் பாதியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு துணியைக் கட்டுங்கள். அங்கே வரும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் இல்லையென்றால் பவரைக் குறைத்து நிறுத்திவிடுங்கள். "நேத்துகூட ஒருத்தர் ஏறிப் போனாரே" என்று பண்ணைக்காரர் சொல்வார். நேற்று அந்த மழை பெய்யவில்லை.

அப்புறம், ஊரில் இருக்கிற அப்பா அம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை போன் போட்டு "மழை, இன்னைக்கு இங்கேயே தங்குறேன்" என்று சொன்னால், சரி மக்களே, காய்ந்த பிறகு வா என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் போன ஒரு தக்கலைக்காரன்