கொரியப் பாட்டை விற்கும் கலை

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரியப் பாட்டு என்றாலே 'கலர் கலரா முடி வெச்ச பசங்க ஆடுறது' என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வீடியோக்களை எப்படி விற்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பாட்டு வருவதற்கு முன்பே எந்த நாளில் எந்தப் புகைப்படம், எந்த டீசர் என்று ஓர் அட்டவணை வந்துவிடும். அப்புறம் வீடியோ, அடுத்து அதே நடனம் வெறும் பயிற்சி அறையில், அதற்கும் பிறகு டிவி நிகழ்ச்சியில் ஒவ்வொருவரையும் மட்டும் கேமரா பின்தொடரும் தனித்தனி வீடியோக்கள். ஒரே பாட்டைப் பத்துத் தடவை பார்க்க வைத்துவிடுகிறார்கள். பயிற்சி அறை வீடியோதான் எனக்குப் பிடித்தது. செட் கிடையாது, ஒரே இடத்தில் நிற்கும் கேமரா, ஆட்டம் பிசகினால் அங்கேயே தெரிந்துவிடும்.

2012-இல் கொரியப் பாடகர் சை (Psy) பாடிய 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் முதன்முதலாக 100 கோடி பார்வைகளைத் தொட்டது. மொழி புரிந்தா ஆடினோம்? குதிரை ஓட்டுவதுபோல் யாரும் செய்துபார்க்கக்கூடிய ஓர் அசைவு இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த எண்ணிக்கை வெறி எனக்குப் பிடிக்கவில்லை. வீடியோ வெளியான முதல் 24 மணி நேரப் பார்வைச் சாதனைக்காக ரசிகர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டிய பார்வைகளை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று 2019-இல் யூடியூபே சொல்ல வேண்டி வந்தது. உள்ளே குழுவில் யாருடைய புகைப்பட அட்டை இருக்கும் என்று தெரியாமல் ஒரே ஆல்பத்தை நாலைந்து வாங்க வைப்பதும் இதே ரகம்தான். உங்கள் சினிமா பக்கத்தில் இதையும் எழுதலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகர்