ஸ்டென்ட் வைத்தவரை நடக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இருதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்து வீடு திரும்பியவரைப் பல குடும்பங்களில் நாற்காலியை விட்டு எழவே விடுவதில்லை. அன்புதான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தசை தளர்ந்து, மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். அதை மறுபடியும் இருதயக் கோளாறு என்று பயந்து இன்னும் குறைவாக நடப்பார்கள்.

இருதய மறுவாழ்வுப் பயிற்சி இதைத்தான் மாற்றுகிறது. முதலில் சமதரையில் 5 அல்லது 10 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. சில வாரங்களில் 30 நிமிடம். முடிக்கும்போது வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும். இதயத்துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நாடி அதிகம் ஏறாது, கைக்கடிகார எண்ணை நம்பாதீர்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும்; பேச்சு திணறினால் வேகம் அதிகம்.

நெஞ்சு இறுகினால் உட்கார்ந்து, நாக்கின் கீழ் ரத்தக்குழாயை விரிக்கும் ஜிடிஎன் (GTN) மாத்திரை வையுங்கள். நின்றபடி வைத்தால் மயக்கம் வரலாம். 5 நிமிடத்தில் வலி தீராவிட்டால் ஆம்புலன்சுக்கு 999 அழையுங்கள். அந்த மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றாதீர்கள், வீரியம் போய்விடும்.

தித்திவங்சா ஏரிக்கரையில் காலை நடை போதும். பத்துமலையின் 272 படிகளுக்கு மருத்துவர் சம்மதம் வேண்டும். டிஸ்சார்ஜ் நாளிலேயே மறுவாழ்வுப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

இருதய மறுவாழ்வுப் பிசியோதெரபிஸ்டுகள் சிலர்,
கோலாலம்பூர்