ஊசி போடுகிறவனும் அந்த மாத்திரையைப் போடுவான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போதை ஊசி போடும் பையன் ஒருவன் அவ்வப்போது வருவான். எச்.ஐ.வி. வராமல் தடுக்கத் தினமும் போடுகிற மாத்திரை இருக்கிறதே, கொடுத்தால் போடுவாயா என்று கேட்டேன். "போடுவேண்ணே, ஆனா எங்க போய்க் கேக்குறது, வாசல்லயே ஒரு மாதிரி பாப்பாங்க" என்றான். சுருக்கென்றது. இவர்களுக்கு உடம்பைப் பற்றி அக்கறை கிடையாது என்று முடிவு கட்டியது நாம்தான்.

பாங்காக்கில் ஊசி போடுகிற 2,400-க்கும் மேற்பட்டவர்களிடம் இப்படித் தினமும் போடுகிற டெனோஃபோவிர் என்ற மாத்திரையைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். புதிய தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஒழுங்காகப் போட்டவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் 2022-இல் இந்தத் தடுப்பு மாத்திரைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டால் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் சி-யை இது தடுக்காது, அதனால் புது ஊசியும் கூடவே வேண்டும், அது தனிக்கதை.

சரி, நானே எடுத்துக் கொடுத்துவிடலாமா என்றால் முடியாது. முதலில் எச்.ஐ.வி. இல்லை என்று தெரியவேண்டும், சிறுநீரகத்தைப் பார்க்கவேண்டும், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பரிசோதனை. நாள்கூலிக்குப் போகிறவன் இதற்கெல்லாம் எத்தனை நாள் வேலையை விடுவான்? அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இடங்களான நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம்தான். மாத்திரையையும் அங்கேயே கொடுத்து, சாயங்காலமும் கொஞ்ச நேரம் திறந்துவைத்து, விவரம் வெளியே போகாது, 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமே அதற்குக் காவல் என்று வருகிறவனிடம் முகம் பார்த்துச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
செல்லூர், மதுரை