சுவிட்ச் அப்டேட்டுக்கு ஒரு ராத்திரி கொடுங்கள்

வணக்கம். புதுச்சேரி டவுன், சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், கடலூர் சிப்காட் என்று நாங்கள் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் எல்லா இடங்களுக்கும் இந்த மடல். உங்கள் ரேக்கில் (நெட்வொர்க் அலமாரியில்) இருக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 சுவிட்சுகளின், அதாவது கம்ப்யூட்டர், போன், கேமரா எல்லாவற்றையும் நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகளின், ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் புதுப்பித்துவிட நினைக்கிறோம்.

"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டணும்?" என்று போனில் பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடுவது வேறு, பூட்டு சரியாக இருப்பது வேறு. 2023 அக்டோபரில் இதே ஐஓஎஸ் எக்ஸ்இயை நிர்வகிக்கும் வெப் பக்கத்தில் ஓர் ஓட்டை வெளியே வந்தது, பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் தனக்கு முழு அதிகாரமுள்ள ஒரு கணக்கை உருவாக்கிக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு. தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கருவிகளுக்குள் ஆள் புகுந்த பிறகுதான் அதை அடைக்கும் பேட்ச் வந்தது. அந்தச் சமயத்தில் சுவிட்சுகள் எல்லாம் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

சரி, அன்று ராத்திரி என்ன நடக்கும்? முதலில் கன்ஃபிக்கை, அதாவது சுவிட்சின் அமைப்புகளை, பேக்கப் எடுப்போம். ஃபிளாஷில் (சுவிட்சின் சேமிப்பிடத்தில்) கிடக்கும் பழைய ஃபைல்களைத் துடைத்து இடம் பண்ணி, புதுசை ஏற்றி, அது வழியில் சிதையாமல் வந்து சேர்ந்ததா என்று செக்சம் என்கிற சரிபார்ப்பு எண்ணை வைத்துப் பார்ப்போம். இதுவரைக்கும் உங்கள் வேலைக்கு எந்தத் தடங்கலும் இருக்காது. அப்புறம்தான் ஆக்டிவேட், அதாவது புது மென்பொருளுக்கு மாற்றுவது, அப்போது சுவிட்ச் ரீபூட் ஆகும், ஒன்றோடொன்று ஸ்டாக் செய்த சுவிட்சுகள் என்றால் எல்லாமே. வைஃபை, ஐபி போன், கேமரா, வருகைப் பதிவு மெஷின் அத்தனையும் படுத்துவிடும். மீண்டு வந்ததும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டுத்தான் கமிட் கொடுப்போம், புதுசே நிலைக்கட்டும் என்று உறுதி செய்யும் கமாண்ட் அது. ஏதாவது சரியில்லாமல் கமிட் கொடுக்காமல் விட்டால் 120 நிமிடத்தில் சுவிட்ச் தானாகவே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே கமாண்டில் முடிக்கவும் வழி உண்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், ஆனால் இந்த இரண்டு மணி நேரப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ரீபூட் நடக்கும்போது யாரும் பிளக்கில் கை வைக்கக்கூடாது. போன வருடம் ஓரிடத்தில் நாங்கள் டீ குடிக்க வெளியே போன நேரத்தில், விளக்கு ரொம்ப நேரமாகச் சிமிட்டுகிறதே, ஹேங் ஆகிவிட்டது போல என்று வாட்ச்மேன் அண்ணன் நல்லெண்ணத்தில் பிடுங்கிச் செருகிவிட்டார். புது மென்பொருளோடு முதல் முறை எழும்போது சுவிட்சை எழுப்பும் சின்ன புரோகிராமான பூட்லோடரும் சேர்ந்து புதுப்பிக்கப்படலாம், அதனால் வழக்கத்தைவிடத் தாமதமாகும், அது கோளாறு இல்லை. பென் டிரைவிலிருந்து பூட் செய்து அந்தச் சுவிட்சை மீட்பதற்குள் விடிந்துவிட்டது. தப்பு எங்களுடையதுதான், ஒருவராவது ரேக் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இப்போதெல்லாம் டீயை ஃபிளாஸ்கில் கொண்டு வந்துவிடுகிறோம்.

மழைக்கு முன்னால் என்று அவசரப்படுத்துவதும் கரண்டை நினைத்துத்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையேறியபோது பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் யுபிஎஸ்ஸை நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. யுபிஎஸ் பேட்டரி பழசாகியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மருத்துவமனைகளுக்கு மட்டும் நாங்களே நேரில் வந்து பேசி நேரம் குறிக்கிறோம். மற்றவர்கள் உங்களுக்குத் தோதான இரண்டு தேதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ரேக் ரூம் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், ஏனென்றால் ஒரு முறை சாவி மேனேஜரோடு திருப்பதிக்குப் போய்விட்டது.