ஏறு எண்டு ஒரு குரல், இறங்கு எண்டு ஒரு குரல்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கு வன்னியில இருந்து ஒரு திறந்த மடல்

அதிகார சபையில இருக்கிற ஐயாமார், அம்மாமாருக்கும், ராடருக்கு முன்னால இரவு பகலா இருக்கிற கொன்ட்ரோலர்மாருக்கும், பைலட்மாருக்கும் வணக்கம்.

நான் கிளிநொச்சியில ஏ.எல் பிள்ளையளுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிற ஆள், விமானத்துறையில வேலை செய்தவன் இல்லை. ஒரே ஒரு விசயத்தைப் பற்றித்தான் எழுதுறன். கொக்பிற்றுக்குள்ள, பிளேனுகள் முட்டாமக் காக்கிற டீகாஸ் எண்ட பெட்டி 'ஏறு' எண்டு கத்தேக்க, கீழ இருந்து கொன்ட்ரோலர் 'இறங்கு' எண்டு சொன்னா என்ன நடக்கும் எண்டது. இதுக்கு விடை 2003லயே வந்திட்டுது, சர்வதேச விதியில தெளிவா இருக்கு, டீகாஸ் கட்டளை போட்டா அதைத்தான் செய்யோணும், கொன்ட்ரோலர் என்ன சொன்னாலும் சரி. உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஆனா விதி கடதாசியில இருக்கிறதும், ராத்திரி ரெண்டு மணிக்கு நித்திரைக் கண்ணோட இருக்கிற ஒரு மனுசனுக்கு அது கையிலயும் வாயிலயும் தானா வாறதும் ஒண்டில்லை, அந்த இடைவெளியைப் பற்றித்தான் உங்களோட கதைக்க வேணும்.

இதை வாசிக்கிற எங்கட சனத்துக்காக கொஞ்சம் விளக்கம் சொல்லிப்போட்டு வாறன், நீங்கள் பொறுத்துக் கொள்ளுங்கோ. டீகாஸ் எண்டது பிளேனுக்குள்ள இருக்கிற ஒரு பெட்டி. அது கொழும்பையும் கேக்காது, சென்னையையும் கேக்காது. சுத்திவரப் பறக்கிற மற்றப் பிளேனுகளின்ர ட்ரான்ஸ்பொண்டரை (தான் ஆர், என்ன உயரம் எண்டு பதில் அனுப்புற கருவி) கிட்டத்தட்ட செக்கனுக்கு ஒருக்கா நேரடியா விசாரிச்சு, எவ்வளவு தூரத்தில நிக்குது, என்ன உயரம், ஏறுதா இறங்குதா எண்டு தானே கணக்குப் போடும். முட்டுற மாதிரி வந்தா முதல் 'ட்ராஃபிக், ட்ராஃபிக்' எண்டு ஒரு எச்சரிக்கை, அதுக்காக பைலட் பிளேனைத் திருப்பக் கூடாது, கவனமா இருக்கோணும், அவ்வளவுதான். இன்னும் நெருங்கினா, முட்டுறதுக்கு 15 தொடக்கம் 35 செக்கன் மட்டில இருக்கேக்க 'க்ளைம்ப், க்ளைம்ப்' எண்டோ 'டிசெண்ட், டிசெண்ட்' எண்டோ கட்டளை வரும், பைலட் 5 செக்கனுக்குள்ள அதைச் செய்யத் தொடங்கோணும். ரெண்டு பிளேனிலயும் டீகாஸ் இருந்தா ரெண்டு பெட்டியும் தங்களுக்குள்ள பேசி ஒண்டு ஏற மற்றது இறங்க எண்டு பிரிச்செடுக்கும். இடம் வலம் எண்டு ஒண்டும் சொல்லாது, ஏறுறதும் இறங்குறதும் மட்டும்தான்.

இங்கதான் முழு விசயமும் இருக்கு. ரெண்டு பெட்டியும் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு ஒரு பைலட் மட்டும் அதுக்கு எதிரா நடந்தா, டீகாஸ் இல்லாமல் இருந்ததை விட நிலமை மோசம், ஏனெண்டா மற்றப் பைலட் இவர் தன்ர பங்கைச் செய்வார் எண்டு நம்பித்தான் தன்ர பங்கைச் செய்யிறார்.

எங்கட ரோட்டில பழக்கம் வேற. சந்தியில சிவப்பு லைட் எரிஞ்சாலும் பொலிஸ்காரர் போ எண்டு கை காட்டினா போகத்தான் வேணும், அங்க லைட்டை விட ஆள்தான் பெரிசு. சின்ன வயசில இருந்து அப்பிடிப் பழகின மூளைக்கு மெஷின் சொல்லுறதைக் கேள், ஆள் சொல்லுறதை விடு எண்டா லேசில ஏறாது. வானத்தில ஏன் மறுவளமா வைச்சிருக்கு எண்டா, கொன்ட்ரோலரின்ர ராடர் படம் சில செக்கனுக்கு ஒருக்காத்தான் புதுசாகும், அவர் பார்க்கிறது எப்பவும் கொஞ்சம் பழைய படம், அதோட டீகாஸ் கொக்பிற்றுக்குள்ள என்ன சொன்னது எண்டு கனக்க இடங்களில அவருக்குத் திரையில தெரியவே தெரியாது, பைலட் வாயைத் திறந்து சொன்னாத்தான் தெரியும்.

இதை வகுப்பில ஒருநாள் செய்து பார்த்தன். ரெண்டு பெடியளை பைலட்டா நிக்க வைச்சு, ஒரு பிள்ளையை அவைக்கு முதுகு காட்டி கொன்ட்ரோலரா இருத்தி, பெடியளின்ர கையில 'ஏறு', 'இறங்கு' எண்டு ஆளுக்கொரு துண்டு, இறங்கு எண்டா குந்தோணும். பிள்ளைக்குத் துண்டில என்ன இருக்கு எண்டு தெரியாது. அவள் ஏறு எண்ட துண்டு வைச்சிருந்தவனுக்கு "இறங்கு, கெதியா இறங்கு" எண்டு உறுக்கினாள். அவன் துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குந்தியிட்டான். ஏனடா எண்டு கேக்க "சேர், அவள் அவ்வளவு அவசரமாச் சொல்லுறாள், ஏதோ தெரிஞ்சுதானே சொல்லுவாள்" எண்டான். மற்றவனும் தன்ர துண்டில இருந்த மாதிரி ஏற்கனவே குந்தியிட்டான். வகுப்பு சிரிச்சுது, நான் சிரிக்கேல்ல, ஏனெண்டா அவன் சொன்ன அதே காரணத்தாலதான் 71 பேர் செத்தவை.

2002 ஆடி 1ஆம் தேதி இரவு. ஜேர்மனி, சுவிஸ் எல்லையில உபர்லிங்கன் எண்ட ஊருக்கு மேல. மொஸ்கோவில இருந்து பார்சலோனாவுக்குப் போன ருஸ்யன் துப்பலேவ் பிளேன், அதுக்குள்ள பெரும்பாலும் ஊஃபா நகரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையள், விடுமுறைக்குப் போகினம். மற்றது டிஎச்எல் சரக்குப் பிளேன், ரெண்டு பைலட் மட்டும். ரெண்டும் 36,000 அடியில. கொன்ட்ரோல் சூரிச்சில. எங்கட வன்னிச் சனமே சூரிச் பக்கம் எவ்வளவு பேர் இருக்கினம், அவையில சிலருக்கு அந்த இரவு இன்னும் ஞாபகம் இருக்கும்.

அண்டைக்கு சூரிச்சில ராடர் சிஸ்டத்தில திருத்த வேலை, வழமையா மினுக்கி எச்சரிக்கிற வசதி இல்லை. மெயின் டெலிபோன் லைனும் நிப்பாட்டி இருந்தது, மாற்று லைன் பழுது. ரெண்டு கொன்ட்ரோலரில ஒராள் ஓய்வெடுக்கப் போக, மற்ற ஆள் ஒருத்தரே ரெண்டு திரையையும் பார்த்தார், அதுக்குள்ள பிந்தி வந்த வேற ஒரு பிளேனை இறக்கிற அலுவல் வேற. பக்கத்தில கார்ல்ஸ்றூகவில இருந்த கொன்ட்ரோலர்மாருக்கு ரெண்டும் முட்டப்போகுது எண்டு தெரிஞ்சு போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தவை, லைன் கிடைக்கேல்ல.

முட்டுறதுக்கு 50 செக்கனுக்கு முதல் ரெண்டு கொக்பிற்றிலயும் 'ட்ராஃபிக்'. 43 செக்கன் இருக்கேக்க கொன்ட்ரோலர் துப்பலேவை இறங்கச் சொல்லுறார். 36 செக்கன் இருக்கேக்க டீகாஸ் துப்பலேவுக்கு ஏறச் சொல்லுது, டிஎச்எல்லுக்கு இறங்கச் சொல்லுது. துப்பலேவின்ர துணைப் பைலட் அது ஏறச் சொல்லுது எண்டு சொன்னவர், அது பதிவில இருக்கு. ஆனா கீழ இருந்து கெதியா இறங்கு எண்டு திரும்பவும் வர அவை இறங்கினவை. டிஎச்எல் தன்ர டீகாஸ் சொன்னபடி இறங்கினது. கொன்ட்ரோலருக்கு இது ஒண்டும் தெரியாது, டிஎச்எல் பைலட் டீகாஸ்படி இறங்குறம் எண்டு சொன்னது அவரின்ர காதில விழேல்ல. 34,890 அடியில முட்டினது. அந்தப் பெட்டி ஏறச் சொன்னபடி துப்பலேவ் ஏறியிருந்தா ரெண்டும் தப்பியிருக்கும்.

துப்பலேவ் பைலட்மாரைப் பிழை சொல்லுறது சுகம். ஆனா அவையின்ர பறப்புக் கைநூலில கொன்ட்ரோலர் சொல்லுறதுதான் முக்கியம், டீகாஸ் ஒரு மேலதிக உதவி எண்ட மாதிரித்தான் எழுதியிருந்தது. மற்றப் பிளேனில இருந்தவை டீகாஸ்தான் கடைசி முடிவு எண்டு பழகின ஆக்கள். ஒரே வானம், ரெண்டு புத்தகம்.

இதில எனக்கு இண்டைக்கும் ஆறாதது என்னெண்டா, ஒண்டரை வருசத்துக்கு முதல் யப்பானில இதே கதை நடந்து முடிஞ்சது. 2001 தை 31, ஜப்பான் எயார்லைன்சின்ர ரெண்டு பெரிய பிளேன், ரெண்டிலயும் சேர்த்து 677 பேர். பயிற்சியில இருந்த கொன்ட்ரோலர் பிளேன் இலக்கத்தை மாறிச் சொல்ல, டீகாஸ் ஏறச் சொன்ன பிளேன் இறங்கினது, மற்றதும் இறங்கினது, கடைசி நேரம் கண்ணால கண்டு மூக்கைக் குத்தித் தப்பினவை. நூறு பேரளவில காயம், ஒருத்தரும் சாகேல்ல. ஒருத்தரும் சாகாததாலயோ என்னவோ உலக விதிப் புத்தகம் அசையேல்ல. 71 பேர் செத்த பிறகுதான் அசைஞ்சது.

அதுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லோணும். சூரிச்சில அண்டைக்கு வேலையில இருந்த கொன்ட்ரோலரை 2004 மாசியில, மனைவியையும் ரெண்டு பிள்ளையளையும் இழந்த ஒரு தகப்பன் தேடிப் போய் குத்திக் கொண்டு போட்டார். 2007ல சுவிஸ் கோட், சூரிச்சில கொன்ட்ரோல் வேலையை நடத்தின கம்பனியில நாலு பேரைக் குற்றவாளி எண்டது, இரவில ஒராளை மட்டும் விட்டுப்போட்டுப் போற பழக்கத்தைக் கண்டும் காணாம விட்டவை அவை. யப்பானில 2010ல உச்ச நீதிமன்றம் அந்தப் பயிற்சிக் கொன்ட்ரோலரையும் அவரைப் பார்த்துக் கொண்டிருந்தவரையுமே குற்றவாளி எண்டு உறுதி செய்தது. எனக்கு சுவிஸ் தீர்ப்புத்தான் சரி எண்டு படுது. ராடருக்கு முன்னால தனிச்சுப் போய் இருக்கிறவனை மட்டும் கூட்டில ஏத்தினா, அடுத்தமுறை பிழை நடக்கேக்க ஆர் வாய் திறப்பினம்?

இனி நான் கேக்கிறதுக்கு வாறன்.

கொன்ட்ரோலரையும் பைலட்டையும் ஒண்டா இருத்தி இந்த விசயத்தைப் பழக்குங்கோ. தனித்தனியா இல்லை. பைலட்மார் சிமுலேற்றரில டீகாஸ் கட்டளைக்குப் பழகினம், கொன்ட்ரோலர்மார் தங்கட சிமுலேற்றரில பழகினம், ஆனா பிரச்சினை வாறது ரெண்டு பேருக்கும் நடுவில உள்ள அந்த றேடியோவிலதான். பைலட் 'டீகாஸ் ஆர்ஏ', அதாவது டீகாஸ் கட்டளை வந்திட்டுது, எண்டு சொன்ன உடன கொன்ட்ரோலர் கேட்டிட்டன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு, 'க்ளியர் ஒஃப் கொன்ஃப்ளிக்ட்', அதாவது ஆபத்து நீங்கிட்டுது, எண்டு பைலட் சொல்லுமட்டும் அந்தப் பிளேனின்ர பாதையை மாத்தச் சொல்லி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது எண்டது விதி. முட்டப்போற ரெண்டு புள்ளியைக் கண்ணால பார்த்துக் கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறது மனுசருக்கு எவ்வளவு பாரம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. திரும்பத் திரும்பச் செய்து பார்க்காம அந்த அமைதி வராது. பைலட் பக்கமும் அப்பிடித்தான், உயிர் பயத்தில பறக்கிற ஆள் றேடியோவில அந்த ரெண்டு சொல்லையும் சொல்ல மறக்கலாம், சொன்னாலும் மற்ற ஆள் கதைச்சுக் கொண்டிருந்தா விழாது.

இரவு வேலையில ஒராளைத் தனிய விடாதேங்கோ. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொன்ட்ரோலர்மார் கனபேர் வெளிநாடு போட்டினம் எண்டு பேப்பரில வந்தது. ஆள் குறைஞ்சா ஓய்வு குறையும், ஓய்வு குறைஞ்சா உபர்லிங்கன் மாதிரி இரவு தூரத்தில இல்லை.

கொன்ட்ரோலர் தேவையில்லை எண்டு நான் சொல்ல வாறன் எண்டு ஆரும் எடுக்கக் கூடாது. தரைக்குக் கிட்ட, 1,000 அடி அளவுக்குக் கீழ டீகாஸ் ஏறு இறங்கு எண்டு சொல்லாது, 2025 தையில வொஷிங்டனில பயணிகள் பிளேனும் ஆமி ஹெலிகொப்டரும் முட்டி 67 பேர் செத்தது அப்பிடியான உயரத்திலதான். ட்ரான்ஸ்பொண்டர் வேலை செய்யாத பிளேனும் டீகாஸுக்குத் தெரியாது, 2006ல பிரேசில்ல 154 பேர் செத்ததுக்கு அதுவும் ஒரு காரணம். எங்கட பக்கம் வவுனியாவிலயும் இரணைமடுவிலயும் விமானப்படை ஓடுபாதை இருக்கு, பலாலிக்கு சென்னைப் பிளேன் வந்து போகுது. படைப் பிளேனோ பயணிப் பிளேனோ, ஒரே வானத்தில பறக்கிற எல்லாத்தின்ர ட்ரான்ஸ்பொண்டரும் எப்பவும் வேலை செய்யோணும் எண்டதில விட்டுக் குடுக்காதேங்கோ.

எங்கட பைலட்மாரின்ர திறமையில எனக்குச் சந்தேகம் இல்லை. 2022 ஆனியில லண்டனில இருந்து வந்த ஸ்ரீலங்கன் யூஎல் 504ஐ துருக்கிக்கு மேல 33,000 அடியில இருந்து 35,000க்கு ஏறச் சொல்ல, மேல ஏற்கனவே ஒரு பிளேன் வருது எண்டு கண்டு ஏற மறுத்தவை எண்டு செய்தியள் சொன்னது. அது டீகாஸ் கட்டளை வாறதுக்கு முதலே நடந்த விசயம், ஆனா கொன்ட்ரோலரைப் பார்த்து மாட்டம் எண்டு சொல்லுற துணிவு அதேதான். அந்தச் சம்பவத்தை உள்ளது உள்ளபடி எல்லாக் கொன்ட்ரோலருக்கும் பாடமா வைக்கலாம்.

கடைசியா, எனக்கு ஆகப் பெரிய விசயம். மயிரிழையில தப்பின சம்பவங்களை, டீகாஸ் கட்டளை வந்த சம்பவங்களை, பெயர் இல்லாமல், ஆரையும் மாட்டிவிடாமல், என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன மாத்தினம் எண்டு மூண்டு மொழியிலயும் வெளியிடுங்கோ. றேடியோவில இங்கிலீஸ்தான் இருக்கோணும், அதில மாற்றுக் கருத்து இல்லை. அறிக்கை தமிழிலயும் வேணும். ஏன் தமிழில எண்டு கேப்பியள். வானத்தில சத்தம் கேட்டா பங்கருக்குள்ள பாய்ஞ்ச சனம் நாங்கள், குண்டு போட்ட கிபிர் விமானத்தின்ர பேரைக் கேட்டா இண்டைக்கும் நெஞ்சு பதைக்கிற அம்மாமார் இருக்கினம். அந்த அம்மாமாரின்ர பேரப்பிள்ளையள், 2009க்குப் பிறகு பிறந்தவை, இப்ப என்ர வகுப்பில இருந்து கொண்டு கொன்ட்ரோலரா வர என்ன படிக்கோணும் சேர் எண்டு கேக்கினம். கொன்ட்ரோலரா இருந்து உறுக்கின அந்தப் பிள்ளையும் கேட்டவள்.

அப்பிடி ஒரு அறிக்கை தமிழில வந்தா அதை வைச்சு ஒரு பாடம் எழுத நான் தயார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரில பௌதிகவியல் படிப்பிக்கிற மற்ற ஆக்களிட்டயும் குடுப்பன், காசு ஒண்டும் வேண்டாம். உங்கட கொன்ட்ரோலர் ஒராளும் பைலட் ஒராளும் ஒருநாள் ஒண்டா வந்து பிள்ளையளோட கதைச்சா இன்னும் நல்லம், வாற திகதியைச் சொன்னாக் காணும், மண்டபத்தை நாங்கள் பார்க்கிறம்.

நன்றி.

கிளிநொச்சியில இருந்து ஒரு பௌதிகவியல் வாத்தியார்