பறவைகள் வந்திருக்கின்றன, குளம்தான் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு இந்த வருஷம் பறவை வரத்து குறைந்துவிட்டது, தொடர்மழைதான் காரணம் என்று போட்டிருந்தீர்கள். மழை காரணம் என்பது சரி. குறைந்துவிட்டது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மழை பொய்த்த வருஷத்தில் சுற்றுவட்டாரக் குளங்கள் எல்லாம் காய்ந்து கிடக்கும், மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வருகிற கூந்தன்குளத்தில்தான் ஏதோ கொஞ்சம் தேங்கும், அதனால் எல்லாப் பறவையும் அங்கே கூடிவிடும், பார்க்கப் போகிறவர்களுக்கும் கொடை விழா மாதிரி இருக்கும். இந்த மார்கழி போல விடாமல் அடித்து ஊற்றி, ஊருக்கு ஊர் குளம் மறுகால் பாய்ந்தால் அவை ஏன் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கவேண்டும்? அதோடு, கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும் நின்றுகொண்டு இரை தேடுகிறவை, குளம் நிரம்பிவிட்டால் அவற்றுக்குக் கால் ஊன்ற இடம் இல்லை. பிசானப் பருவ நெல் வயல்களுக்கும் ஆழமில்லாத மானாவாரிக் குளங்களுக்கும் போய்விடுகின்றன.

வரித்தலை வாத்தும் அப்படித்தான். மங்கோலியாவிலும் திபெத்திலும் ஏரிகள் உறைந்துபோவதால் இமயமலையைத் தாண்டி இங்கே வருகிற பறவை அது. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்தது, பச்சைப்புல் எந்தக் கரையில் இருக்கிறதோ அங்கே மேயத்தான் செய்யும், சரணாலயப் பலகையைப் பார்த்தா இறங்கும்?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தப் பலகை இல்லாத குளங்களைப் பற்றித்தான். கூந்தன்குளம் 1994-ல் சரணாலயம் ஆவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் காத்துவந்த இடம், தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடமாட்டார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளுக்கு மீன் கொடுத்து வளர்த்த பால்பாண்டியை நம் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. பறவைகள் கூடும் இன்னொரு ஊரான திருப்புடைமருதூருக்கும் 2005-லேயே காப்பகம் என்ற பாதுகாப்பு கிடைத்துவிட்டது. மற்ற குளங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

போன வாரம் நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தங்கரையில் நின்றிருந்தேன். தண்ணீரில் பாதி முங்கிய உடைமரத்தில் ஒரு பாம்புத்தாரா, பாம்பு மாதிரி நீண்ட கழுத்துள்ள நீர்ப்பறவை. அதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும், வெயிலில் காயவைத்தால்தான் நன்றாகப் பறக்க முடியும். அன்றைக்கு வெயில் எங்கே? மழை கொஞ்சம் வெறிக்கும்போதெல்லாம் சிறகை விரிக்கும், தூறல் விழுந்ததும் மடக்கும், மறுபடி விரிக்கும், அலகு நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அப்புறம் காரில் வந்த இரண்டு பேர் பெரிய கேமராவோடு இறங்கி, பறக்கிற மாதிரி படம் வேண்டும் என்று கல்லை விட்டெறிந்தார்கள். அது தண்ணீரை உரசிக்கொண்டே தட்டுத்தடுமாறிப் போய் அடுத்த மரத்தைப் பிடித்தது. நான் சத்தம் போட்டதும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நனைந்து, இரையும் சரியாகக் கிடைக்காத பறவையைத் தேவையில்லாமல் ஒருமுறை கிளப்பிவிடுவதே அதற்குப் பெரிய இழப்பு என்று இவர்களுக்கு யார் சொல்வது? கரையிலேயே நின்று பைனாகுலரில் பார்த்தால் போதாதா?

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது திருநெல்வேலி, தூத்துக்குடி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ குளங்கள் உடைந்தன. மனிதர்கள் பட்ட பாட்டை எழுதினீர்கள், அதுதான் முதலில் எழுதவேண்டியது. உடைந்து வடிந்த குளங்களில் இருந்த பறவைகளைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. குளத்தைத் தூர்வாரும்போது கூடு கட்டுகிற நாட்டுக்கருவேல மரங்களை விட்டுவையுங்கள் என்று அதிகாரிகளிடம் நாங்கள் சொல்வதைவிட நீங்கள் எழுதினால் எடுபடும்.

பொங்கலை ஒட்டி ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், உங்கள் நிருபரைக் கணக்கெடுக்கிறவர்களோடு ஒருநாள் அனுப்பிவையுங்கள். ஆடு மேய்க்கிறவர்களிடமும் கேட்கச் சொல்லுங்கள், எந்த வாத்து எந்தக் கரையில் மேய்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். செய்தியில் குளத்தின் பெயரை மட்டும் போடவேண்டாம். போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே கார்கள் வந்து நிற்கும்.

– ஒரு வாசகர், நாங்குநேரி வட்டம்