சிறுநீரகத்தைக் காத்துக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் இன்று என் உடலில் இயங்குகிறது. பெருந்துயரின் நடுவிலும் சம்மதம் தந்த அவர் குடும்பத்தாருக்கே என் முதல் வணக்கம். அந்தக் கடனை எழுத்தால் தீர்க்க முடியாது. இம்மடல், உறுப்பை எடுத்தது முதல் எனக்குப் பொருத்தும் வரை அதைக் கெடாமல் காத்த உங்களுக்கானது. அறுவை சிகிச்சை செய்தவர்களை எல்லோரும் வாழ்த்துகிறார்கள். உங்களை நோயாளிகள் பார்ப்பதுகூட இல்லை.

ரத்த ஓட்டம் நின்றதுமே செல்கள் ஆக்சிஜனின்றிச் சேதமடையத் தொடங்கும் என்பதால், தமனி வழியே குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலைச் செலுத்தி, சிரை வழியே வரும் திரவம் தெளிந்து சிறுநீரகம் வெளிறும் வரை கழுவினீர்கள் என்று மருத்துவர் விளக்கினார். பின்னர் அதே கரைசலில் மூழ்க வைத்து, கிருமி நீக்கிய பைகளில் அடுக்கடுக்காகக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து பாழாகும். 4 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் செல்களின் தேவை வெகுவாகக் குறையுமே தவிர அறவே நிற்காது. அதனால்தான் பெட்டியின் மேல் குறித்த நேரத்தை ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள் போலும்.

1967இல் நாயின் சிறுநீரகத்தை உடலுக்கு வெளியே மூன்று நாள் உயிர்ப்புடன் வைத்துக் காட்டிய அறுவை சிகிச்சை மருத்துவர் ஃபோல்கர்ட் பெல்சர், பின்னர் ஆய்வாளர் ஜேம்ஸ் சவுதர்டுடன் சேர்ந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கரைசல் இன்றும் பயன்படுகிறது. அவர்களுக்கும் நான் கடன்பட்டவன். கரைசலை இடைவிடாமல் செலுத்தும் பம்பு, மாற்று சிகிச்சைக்குப் பின் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பைக் குறைப்பதாக 2009இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. எனக்கு வந்ததோ சாதாரண ஐஸ் பெட்டியில்தான். ஆனாலும் அறுவை சிகிச்சை மேசையிலேயே சிறுநீர் சுரந்ததாம்.

அச்சிறுநீரகம் என் உடலுக்குப் பொருந்துமா என்று இரவோடிரவாகப் பரிசோதனை செய்த ஆய்வகத்தினர், தொலைபேசியை விட்டு நகராத ஒருங்கிணைப்பாளர், வண்டி ஓட்டியவர் ஆகிய அனைவருக்கும் என் நன்றி. அக்கொடையாளரின் மற்றொரு சிறுநீரகத்தையும் நீங்களே காத்து அனுப்பியதாக அறிந்தேன். அதைப் பெற்றவர் யாரென எனக்குத் தெரியாது; அவர் சார்பிலும் இந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
சிறுநீரகம் பெற்ற ஒருவன்